புது வண்டியா, பழைய வண்டியா? நோட்டுப் புத்தகம் சொன்ன பதில்

கீரமங்கலம் பக்கத்தில் மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் அது. ஒன்றரை ஏக்கரில் தென்னை, இடையில் வாழை, வரப்போரம் பலா, கால் ஏக்கரில் மல்லிகை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. தாத்தா காலத்துப் பலா மரங்களும் வேரோடு விழுந்தன. மரத்தை வெட்டி அகற்றவும், புதுக் கன்று நடவும், மகள் படிப்புக்கும் என்று வீட்டம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. கடைசி வளையலை மீட்டுக்கொண்டு வந்தது 2023-ல்.

இப்போது அந்தக் கன்றுகள் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. வாழைத்தாரும் பலாவும் ஏற்ற ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சீசன் நேரத்தில் கூப்பிட்டால், "நாளைக்கு வர்றேண்ணே" என்பார்கள். வெட்டிய தார் அதுவரை காத்திருக்குமா? அதனால்தான், "நமக்குன்னு ஒரு பிக்கப் வேணும்" என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது ஊரே அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்தது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப்பும் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வீட்டுக்காரருக்கு ஆசை கூடிவிட்டது. ஷோரூமுக்குப் போய் விலைப்பட்டியலோடு திரும்பினார். எல்லாம் சேர்த்து 9 லட்சம். கையில் இருப்பதில் 2 லட்சம் கட்டினால் மீதி 7 லட்சம் கடன்.

"புது வண்டின்னா மூணு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார்.

"வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். தவணையை மாசாமாசம் பார்க்கணுமேங்க" என்றார் வீட்டம்மா.

அவர் வரவு செலவு எழுதும் நோட்டை எடுத்தார். கடந்த 12 மாதத்தில் எத்தனை நடை வாடகை வண்டி பிடித்தார்கள் என்று எண்ணினார். வாழைக்கு 34, பலாவுக்கு 21, தேங்காய்க்கு 8, எரு, உரம், கன்று ஏற்ற 11. மொத்தம் 74 நடை. சராசரி வாடகை 1,200 ரூபாய். ஆக, வருஷத்துக்கு 88,800 ரூபாய். மல்லிகை இந்தக் கணக்கில் இல்லை. அது எப்போதும் போல விடியற்காலையில் டிவிஎஸ் எக்செல்லில் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது.

சொந்த வண்டி என்றாலும் டீசல் போட வேண்டும். நடைக்கு 350 என்று வைத்தால் மிச்சம் 850. 74 நடைக்கு 62,900 ரூபாய்.

பி.காம். படிக்கும் மகள் செல்போனில் தவணையைக் கணக்குப் போட்டாள். 7 லட்சம், 10 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதம் 14,873 ரூபாய். வருஷத்துக்கு 1,78,476. சொந்த நடையில் மிச்சமாகும் 62,900 போக, 1,15,576 ரூபாய் துண்டு விழும். அதை ஈடுகட்ட ஊராருக்கு இன்னும் 136 நடை ஓட்ட வேண்டும். காப்பீடு, சர்வீஸ் தனி.

"136 நடை ஓடினா தோட்டத்தை யாருப்பா பார்க்கிறது?" என்று மகள் கேட்டாள். வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை.

அவர் நண்பர் ஒருவர் புது வண்டிதான் எடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பூவைச் சேர்த்துத் தினமும் வெளியூர் மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறார். மாதம் 26 நாள் ஓட்டம். வழியில் ஒரு நாள் நின்றால் பல பேர் பூ வாடிவிடும் என்பதால் அவருக்குப் புது வண்டிதான் சரி. ஆனால் வருஷத்துக்கு 74 நடை ஓடும் வண்டி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் நின்றபடியே தவணை கேட்கும்.

அடுத்து பழைய வண்டி தேடல். வீட்டம்மாவின் தம்பி மெக்கானிக். முதலில் பார்த்தது ஐந்து வருஷ வண்டி, புதுப் பெயின்ட் பளபளவென்று மின்னியது. விலையும் மலிவு. வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது. தம்பி கீழே படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் பாடியின் அடித்தகட்டைத் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது.

"மச்சான், இது மீன் ஏத்துன வண்டி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் ஓடியிருக்கு. ஐஸ் தண்ணியும் உப்பும் ஒழுகி ஒழுகி சேஸ் வரைக்கும் அரிச்சிருக்கு. மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற மாதிரி வண்டிக்கு அடிவயித்தைப் பார்க்கணும்."

இரண்டாவது வண்டியில் இன்ஜின் நன்றாக இருந்தது. ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நின்றது. எஃப்.சி.யும் காப்பீடும் முடிந்திருந்தன. "கடனெல்லாம் கட்டியாச்சு, பேப்பர் அப்புறம் வந்துரும்" என்றார் விற்க வந்தவர். கடன் கட்டி முடித்ததற்கான தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுத்தால், அடுத்தவர் கடனைச் சேர்த்து வாங்கியது போலத்தான்.

அங்கேயே ஒரு தரகர் வந்து, "பழைய வண்டிக்கும் ஃபைனான்ஸ் உண்டு, 12 சதவீதம்தான்" என்றார். 2 லட்சத்துக்கு 3 வருஷம், மாதம் 7,556 ரூபாய். மகள் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டியை மட்டும் முழு 2 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போட்டிருக்கிறார்கள். இதற்கு 'ஃபிளாட் வட்டி' என்று பெயர். குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கணக்குப்படி பார்த்தால், அது 21 சதவீதத்துக்கு மேல்.

மூன்றாவது வண்டி ஒரு பேக்கரிக்காரருடையது. 2018-ல் பதிவானது, ஒரே உரிமையாளர். ரொட்டியும் பிஸ்கட்டும்தான் ஏற்றியிருக்கிறார்கள் என்பதால் பட்டை தொய்யவில்லை, அடித்தகடும் சுத்தம். பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால், கம்ப்யூட்டர் வைத்துப் பழுது தேடும் வேலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடலாம் என்றார் தம்பி. விடியற்காலையில் சூடேறாத இன்ஜினை முதல் சாவியிலேயே எடுத்துப் பார்த்தார். வாழைத்தார் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்தார். கிளட்ச் கொஞ்சம் ஏறிப் பிடித்தது. "இது ஆறு மாசத்துல கேட்கும்க்கா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டார்கள். அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் மகள் தேடினாள். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன்பின் வருஷா வருஷம் எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டி, அதனால் பெர்மிட் தேவையில்லை. வீட்டுக்காரரிடம் இருப்பது சாதாரண கார் லைசென்ஸ்தான். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அதுவே போதும் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

கேட்ட விலை 3,40,000. "புது வண்டிக்கே ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கு. பழசு மட்டும் பழைய விலையிலேயே நின்னா எப்படிண்ணே?" என்று வீட்டம்மா பேச, 2,95,000-க்கு முடிந்தது. பெயர் மாற்றம், காப்பீடு, சில்லறை வேலைக்கு 30,000. அதோடு, "45,000 ரூபாயைத் தனியா எடுத்து வைக்காம வண்டியைத் தொடக் கூடாது. யானை வாங்கிட்டு அங்குசம் வாங்கக் காசில்லைன்னு நிக்கக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றார். மொத்தம் 3,70,000. கையிருப்பு 2,70,000. மீதி 1 லட்சத்துக்கு வீட்டுக்காரரின் பார்வை பீரோ பக்கம் போனது.

"நகை வெளியே போகாதுங்க. ஒரு தடவை போய் அஞ்சு வருஷம் ஆச்சு திரும்ப." அதற்குமேல் பேச்சில்லை. மகளிர் குழுவில் கடன் எழுதி வாங்கினார்.

பணம் கொடுத்த அன்றே படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கினார்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தங்கள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு தம்பி சொன்னது நடந்தது. வாழைத்தாரோடு நடுரோட்டில் கிளட்ச் போய்விட்டது. வாடகை வண்டி பிடித்துத் தாரை மாற்றி ஏற்றுவதற்குள் காலை ஏலம் முடிந்துவிட்டது. வீடு திரும்பிய வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "புது வண்டியா இருந்தா இது வந்திருக்காது" என்றார்.

வீட்டம்மா நோட்டைத் திறந்தார். கிளட்ச் வேலை 9,500, மாற்று வண்டி 1,500, ஏலத்தில் விலை குறைந்தது 3,000. மொத்தம் 14,000. எதிர்ப் பக்கத்தில், புது வண்டி எடுத்திருந்தால் அந்த மூன்று மாதத்தில் கட்டியிருக்க வேண்டிய தவணை 44,619 என்று எழுதினார். மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்த பழுதுச் செலவு, ஒரு மாதத் தவணையைக்கூட எட்டவில்லை.

"எடுத்து வச்ச பணம்தான போச்சு. இன்னும் 31,000 இருக்கு. சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் வண்டி பட்டறையிலிருந்து வந்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் மீதித் தார்களை ஏற்றிக்கொண்டு, ஏலம் தொடங்குவதற்கு முன்பே மார்க்கெட்டில் போய் நின்றது. அன்று இரவு நோட்டில் அந்த நடையையும் எழுதி வைத்தார்கள்.