வேலி மறிக்காத மலைகள்



இந்தக் கோடையில் நானும் கணவரும் முதுகுப்பையோடு ஸ்கொட்லாந்தின் மலைநாட்டைச் சுற்றி வந்தோம். முதல் பாதி நடை, மறுபாதி வாடகைக் கார். கிளாஸ்கோவின் ஓரத்திலிருந்து போர்ட் வில்லியம் வரை 154 கிலோமீற்றர் போகும் மேற்கு மலைநாட்டுப் பாதையில் நடந்தோம். 1980இல் திறக்கப்பட்ட பாதை இது. லொமொண்ட் ஏரிக்கரையை ஒட்டிப் போய், ரானொக் சதுப்பு நிலத்தைக் கடந்து, பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸின் அடிவாரத்தில் முடிகிறது. அதன் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள். வழி நெடுக என்னை விடாமல் தொடர்ந்த ஒரு விடயத்தை மட்டும் இம்முறை எழுதுகிறேன்: அந்த மலைகளில் எங்களை யாரும் மறிக்கவில்லை.

அங்கே நிலத்தின் பெரும்பகுதி தனியார் சொத்து. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே ஆளின் கையில் இருப்பதும் சாதாரணம். ஆனாலும் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், யாருடைய நிலமானாலும் அதில் நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், கூடாரம் அடித்து இராத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. வீட்டு முற்றமும் பயிர் நிற்கும் வயலும் விலக்கு. பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. லொமொண்ட் ஏரியைச் சுற்றிய சில இடங்களில் மட்டும், சனம் குவிவதால், மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், ஏரியின் வடகோடிக்கு அருகே டூன் பயர் என்ற கல்வீட்டில் ஒதுங்கினோம். இத்தகைய வீடுகளை அங்கே 'பொத்தி' என்கிறார்கள். பூட்டில்லை, வாடகையில்லை, மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லை. கதவைத் தள்ளி உள்ளே போனால் முதலில் ஒரே இருட்டு. கண் பழகிய பிறகுதான் கணப்பும், படுக்க ஒரு பலகைத் தட்டும், சுவரோரம் சாய்த்து வைத்த மண்வெட்டியும் தெரிந்தன. கழிப்பறை கிடையாது, தள்ளிப் போய்க் குழி வெட்டி மூடத்தான் அந்த மண்வெட்டி. முன்பின் தெரியாத யாரோ எங்களுக்காக மெழுகுதிரித் துண்டுகளையும் தீப்பெட்டியையும் விட்டுப் போயிருந்தார்கள். 1965இல் தொடங்கிய தொண்டர் சங்கமொன்று இப்படிச் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. நிலக்காரர் இடம் விடுகிறார், தொண்டர்கள் கூரையைச் சரி பார்க்கிறார்கள், தங்குகிறவர் குப்பையைத் தன் பையிலேயே சுமந்து போகிறார்.

கார்ப் பயணத்திலும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இதே பண்பைக் கண்டோம். வடமேற்கு மலைநாட்டில் பல வீதிகள் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். இடையிடையே சாலை சற்றுப் புடைத்திருக்கும். அங்கே ஒதுங்கி எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். பின்னால் வருபவர் அவசரப்பட்டாலும் அப்படித்தான். வழி கிடைத்தவர் கையை உயர்த்தி நன்றி சொல்லாமல் போவதில்லை. அப்பிள்குரொஸ் ஊருக்குப் போகும் கணவாய்ப் பாதை கடல் மட்டத்திலிருந்து 626 மீற்றர் வரை கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது. பழகுநர் ஓட்டுவது உகந்ததல்ல என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். கணவர் ஓட்ட, எதிரே வண்டி வருகிறதா என்று நான் மேல் வளைவுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அங்கே போகும் வழியில் கின்டெயில் என்ற இடம் வருகிறது. 1880களில் வினன்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அந்தப் பக்கத்தில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் மலையை மான் வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார். மர்டொக் மக்ரே என்ற செருப்புத் தைக்கும் ஏழை வளர்த்த ஒரு ஆட்டுக்குட்டி வேலியில்லாத அந்த நிலத்தில் மேய்ந்ததற்காக அந்தச் செல்வர் வழக்குப் போட்டார். 1885இல் நீதிமன்றம் வினன்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மலையில் நடக்கும் உரிமை கேட்டு ஜேம்ஸ் பிரைஸ் என்ற உறுப்பினர் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1884இல். சட்டம் வர இன்னும் 119 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பள்ளத்தாக்குகள் ஆளரவமற்றுக் கிடப்பதற்கும் காரணம் உண்டு. செம்மறி ஆடு வளர்த்தால் அதிக வருமானம் என்று கண்ட நிலக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குடியானவர்களை வெளியே தள்ளினார்கள். கிழக்கே, ஒற்றை வீதியொன்றின் கோடியில் குரொயிக் தேவாலயம் நிற்கிறது. 1845 மே மாதம் கிளென்கால்வியிலிருந்து விரட்டப்பட்ட எண்பது பேரளவில் அதன் கல்லறை வளவில் துணி கட்டித் தங்கினார்கள். யன்னலின் சாய்சதுரக் கண்ணாடிகளில் அவர்கள் வெளிப்புறமிருந்து கீறிய எழுத்துகள் இன்னமும் இருக்கின்றன. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் பார்த்து நின்றால்தான் வாசிக்க முடியும். ஊர்ப் பெயர், ஆண்டு, தாங்கள் இங்கே ஒதுங்கியிருந்த செய்தி. ஒரு கண்ணாடியில் தங்களையே கெட்ட தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். பறிகொடுத்தவர்களே பழியையும் ஏற்றுக்கொண்டதைப் பார்த்து என் கணவர் வெகுநேரம் பேசவில்லை.

இந்தக் கதை எனக்கு அந்நியமல்ல. நான் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் முன்னோர் உழைத்த தோட்டங்களின் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவர். மலையகத்தில் எங்கள் 200 ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்தோம். காட்டை வெட்டி மலையைப் பச்சையாக்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றைக்கும் காணி உறுதி கிடையாது.

ஆகவேதான் கடைசியாகப் போன அசின்ட் பகுதி எனக்குத் தெம்பு தந்தது. அங்கே சிறு குடியானவர்கள் சேர்ந்து பணம் திரட்டி, தாங்கள் குடியிருந்த 21,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை நிலத்தை 1993இல் விலைக்கு வாங்கினார்கள். ஊரார் சேர்ந்து தங்கள் நிலத்தை வாங்கும் உரிமையும் பின்னர் அதே 2003 சட்டத்தில் இடம்பெற்றது. காணி கேட்டுப் போராடும் எங்கள் பிள்ளைகள் அசின்ட் மக்களின் கதையைத் தேடிப் படிக்க வேண்டும். ஸ்கொட்லாந்துக்குப் போகிறவர்கள் குரொயிக்குக்கும் அசின்டுக்கும் கட்டாயம் போய் வாருங்கள். நிலம் பறிபோன விதமும் அதை மீட்ட விதமும் இரண்டுமே நமக்குப் பாடம்.

அன்புடன்,
உங்கள் மலையகத்துச் சகோதரி