உபாத்தியாயர் பரிவர்த்தனை

நமது கலாசாலைச் சஞ்சிகைக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் கேட்டபோது, பழைய மாணாக்கனாகிய யான் எதனை எழுதுவதென்று சிறிது மயங்கினேன். உயர்நிலைப் பள்ளியில் கணிதங் கற்பித்தே காலங் கழித்தவன் யான். எனினும், 2010-ஆம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ஓர் அனுபவம், ஆசிரியத் தொழிலை மேற்கொள்ள எண்ணும் இளைஞர்க்குச் சிறிதேனும் பயன்படக்கூடுமென்று தோன்றியமையால், அதனையே ஈண்டுக் கூறத் துணிந்தேன்.

அயல் தேசஞ் சென்று கற்றல் என்றவுடன், பட்டம் பெறும்பொருட்டு மாணாக்கர் கடல் கடந்து செல்வதே நம் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும் அவ்வாறு சென்று வருவதுண்டு என்பதைப் பலர் அறியார். அதன் வரலாறு சுவையுடையது. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்தபோது, அமெரிக்கச் சேனையின் தளவாடங்கள் பல தேசங்களில் எஞ்சிக் கிடந்தன. அவற்றை விலைக்கு வாங்க அத்தேசங்களிடம் டாலர் இல்லை. அர்க்கான்ஸாஸ் மாநிலத்துச் செனட்டரான வில்லியம் புல்பிரைட் என்பார், இளமையில் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டிற் பயின்றவர். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த அடுத்த மாதத்தில், அதாவது 1945 செப்டம்பரில், அவர் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். தளவாடங்களின் விலையை அவ்வத் தேசத்து நாணயத்திலேயே பெற்று, அப்பணத்தைக் கல்விப் பரிவர்த்தனைக்குச் செலவிடலாம் என்பதே அதன் சாரம். 1946 ஆகஸ்டு 1-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட, அது சட்டமாயிற்று. போருக்கென்று வந்த பொருள் கல்விக்கு முதலானது இங்ஙனமே. நம் நாட்டுடன் 1950 பிப்ரவரி 2-ஆம் தேதி உடன்படிக்கை ஏற்பட்டது. 2008-ல் இந்திய அரசாங்கமும் செலவிற் சமபங்கு ஏற்க இசைந்தபின், நேருவின் பெயரும் அவ்வுபகாரச் சம்பளங்களோடு சேர்ந்தது.

உபாத்தியாயர்க்குரிய பரிவர்த்தனை இருவகைப்படும். ஒன்று, ஆசிரியர் ஒருவர் அயல்நாடு சென்று, கண்டும் கேட்டும் திரும்புதல். மற்றொன்று, இரு நாட்டு ஆசிரியர் இருவர் ஒருவர் இடத்தில் மற்றொருவர் அமர்ந்து பாடஞ் சொல்லுதல். பிரிட்டனும் அமெரிக்காவும் 1946 முதல் இப்பின்னதைக் கைக்கொண்டன. அவரவர்க்கு அவரவர் பள்ளியே சம்பளம் அளித்தது; வீடுகளைக்கூட மாற்றிக்கொண்டு வாழ்ந்தோர் உளர். யான் சென்றதும் இவ்வகையினதே. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் எம் பள்ளிக்கு வந்தார். அவர் அறைக்கு யான் சென்றேன். ஆகஸ்டு முதல் டிசம்பர் முடியத் தவணை.

புறப்படுமுன் ஒரு பெண்ணின் தந்தையார் என்னைக் காண வந்தார். அவர் தையற்காரர். "ஐயா, என் மகளுக்கு இது பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. தாங்கள் போய்விட்டால் அந்த அம்மா பேசும் இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு விளங்குமா?" என்றார். அதற்கு விடை சொல்வது எளிதன்று. ஏழைக் குடும்பத்துக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வாயிற்கதவு போன்றது. பிறர் ஆராய்ச்சிக்காக அதனை அசைத்துப் பார்த்தலாகாது. தலைமையாசிரியரும் யானும் என் இளைய சகா ஒருவரும் கூடி ஆலோசித்தோம். அம்மையார் வகுப்பில் அவ்விளைஞரும் உடனிருந்து, விளங்காததைத் தமிழில் விளக்குவதென்றும், மாலையில் ஒருமணி நேரம் பரீட்சைப் பயிற்சி அளிப்பதென்றும் முடிவாயிற்று. அவ்வைந்து திங்களும் அவர் ஒருநாளும் அத்துணையினின்று தவறவில்லை. பரிவர்த்தனையின் பாரம் போகின்றவர்மேல் விழுவதில்லை; ஊரில் இருப்பவர்மேலேயே விழுகின்றது என்பதை அவரைக் கொண்டே அறிந்தேன்.

நிற்க. அங்கு யான் கண்டவற்றுள் முதலாவது, வகுப்பறை ஆசிரியருக்கு உரியது என்பதே. நம் பள்ளிகளில் அறை மாணாக்கருடையது. மணியடித்தால் ஆசிரியரே அறை மாறுவர். அங்கோ மாணாக்கர் புத்தகங்களைச் சுமந்துகொண்டு அறை அறையாகச் செல்வர். ஆசிரியர் தம் வாயிலில் நின்று வரவேற்பர். இங்கே யாம் விருந்தினர், அங்கே வீட்டுக்காரர். சுவரில் என்ன தொங்கவேண்டும், மேசைகள் எவ்வாறு நிற்கவேண்டும் என்பனவெல்லாம் ஆசிரியர் விருப்பம்.

இரண்டாவது, பாடத்தின் பகுப்பு. நம் கணிதப் புத்தகத்தில் இயற்கணிதமும் வடிவியலும் ஒரே ஆண்டில் அத்தியாயந்தோறும் மாறிமாறி வரும். அங்கே ஓராண்டு முழுதும் இயற்கணிதம், மறுவருஷம் முழுதும் வடிவியல், பின்னர் மீண்டும் இயற்கணிதம். தேர்ச்சிக்கேற்பச் சேர்வதால், வெவ்வேறு வயதினர் ஒரே வகுப்பில் அமர்வர். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கும் கணிப்பானைத் தட்டுவோர் அவருள் இருந்தனர். நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மனத்திற் கொண்டிருப்பதன் அருமையை அங்கேதான் நன்குணர்ந்தேன். ஆனால் இருபடிச் சமன்பாட்டின் குணகம் ஒன்றை மாற்றினால் அதன் வளைவரை எவ்வாறு அசையும் என்பதை அதே கருவியிற் கண்டு, அவர்கள் தமக்குள் வாதிடுவர். வாதிடும்போது ஆசிரியரையும் விடுவதில்லை. "ஏன்?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவன்று.

இங்கே வந்த அம்மையாரோ, முதல் இரு வாரங்கள் ஒரு கேள்வியும் எழாத வகுப்பைக் கண்டு திகைத்தாராம். பின்னர் அந்தத் தையற்காரர் மகள் பெரிய பெருக்கலொன்றைக் காகிதமின்றிச் சொல்ல, "எப்படிச் செய்தாய்?" என்று வினவினாராம். விடை கேட்போர் பலர் உளர். வழி கேட்டவர் அவரே. அப்பெண் எழுந்து பலகையில் எழுதிக் காட்டினாளாம். அதுமுதல் நாள்தோறும் ஒருவர் தம் வழியை விளக்குவது வழக்கமாயிற்று.

ஜனவரியில் யான் திரும்பினேன். குறை எண்களைப் பற்றிய கணக்கொன்றைச் செய்துகொண்டிருந்தபோது, அதே பெண் எழுந்து, "சார், குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது?" என்றாள். பரீட்சைக்கு வாராத கேள்வி. இருப்பினும் பாடத்தை நிறுத்தி, குறை இரண்டை மூன்று, இரண்டு, ஒன்று, சுழி என்று முறையே பெருக்கி எழுதினேன். குறை ஆறு, குறை நான்கு, குறை இரண்டு, சுழி எனப் படிதோறும் இரண்டிரண்டாய் ஏறி வருவதைக் கண்ட பிள்ளைகள், அடுத்த படியில் குறை ஒன்றாற் பெருக்கினால் மிகை இரண்டே வருமெனத் தாமே கூறினர்.

பரீட்சை முடிவு முந்திய ஆண்டினின்று பெரிதும் வேறுபடவில்லை. தையற்காரர் மகள் நன்கு தேறினாள். அஞ்சியதும் நேரவில்லை, அற்புதமும் நிகழவில்லை. கேள்வி கேட்கும் வழக்கம் மாத்திரம் எஞ்சிற்று.

ஆளுக்கு ஆள் மாறும் அம்முறையைப் புல்பிரைட் திட்டம் பின்னர்க் கைவிட்டது. அதற்குச் சிறிது முன், 2009-ல், சிறந்த ஆசிரியர்க்கென்று தொடங்கப்பெற்ற உதவியில், ஆசிரியர் சில திங்கள் ஒரு சர்வகலாசாலையில் தங்கி ஆராய்வர். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் அந்நாட்டவர் வந்து அமர்வதில்லை. அதுவும் நன்மையே. ஆயினும் பரிவர்த்தனை என்னும் சொல்லுக்குக் கொடுத்தலும் கொள்ளலும் என்பது பொருளன்றோ? சென்றவர் மட்டும் கற்பது யாத்திரை. அவரால் விடப்பட்ட வகுப்பும் கற்பதே பரிவர்த்தனை.

இளைஞர்காள்! நீவிர் ஆசிரியராகி இத்தகைய வாய்ப்புப் பெறுவீராயின், அங்கே என்ன கிடைக்கும் என்பதோடு, உம் இடத்தில் யார் நிற்பார், அவருக்கு யார் துணை செய்வார் என்பவற்றையும் முன்னரே கேண்மின். கடல் கடக்க இயலாதோரும் வருந்தவேண்டா. பட்டணத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் ஒரு தவணை இடம் மாறினால், அதற்கு விமானச் செலவும் இல்லை, பிற தேசத்தார் உதவியும் வேண்டுவதில்லை. இக்கலாசாலையிற் பயின்று பல ஊர்ப் பள்ளிகளை நடத்திவரும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.