முறிவு குறித்து

முறிவு, சிதைவு, விரிசல் – இந்த மூன்று சொற்களும் நம் விமர்சனக் கட்டுரைகளில் படும் பாடு கொஞ்சமல்ல. மொழியின் முறிவு, நகர வாழ்வின் சிதைவு, பிரக்ஞையில் விழுந்த விரிசல் என்று எதையும் எதோடும் சேர்த்து எழுதிவிட முடிகிறது. முறிந்தது எது, எந்த இடத்தில், எப்போது என்று எழுதியவரை யாரும் கேட்பதில்லை. பட்டறையில் இது செல்லாது. அங்கே ஒரு போல்ட் முறிந்தால் முதலில் இந்த மூன்றையும்தான் கேட்கிறார்கள்.

போடியில் என் தாய்மாமா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய அம்பாஸடர் நிற்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை உத்தரபாராவுக்குக் கொண்டுவந்து அம்பாஸடர் என்று பெயர் மாற்றி, 2014 வரை செய்துகொண்டிருந்த வண்டி. மாமா இதில் ஏலக்காய் வியாபாரிகளைப் போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். இப்போது மலை ஏறுவதில்லை. பஸ் நிலையம் வரை போய் வந்தாலே கொதிக்கிறது. பழைய இரும்பு எடுப்பவர் கிலோக் கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வாரம் கொதிப்பு நிற்காவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று அத்தை தீர்மானித்திருந்தார்கள். எனக்கு நான்காவது சனிக்கிழமை விடுமுறை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

சந்தேகம் தெர்மோஸ்டாட்டின் மேல். சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்கு வெந்நீர் போகும் வளைந்த அலுமினியக் குழாய்க்கு அடியில் அது உட்கார்ந்திருக்கிறது. குழாயை மூன்று ஸ்டட்டுகள் பிடித்திருக்கின்றன. ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். ஹெட் வார்ப்பிரும்பு, ஸ்டட் எஃகு, குழாய் அலுமினியம், நடுவே எந்நேரமும் சூடான தண்ணீர். துரு குடித்தனம் நடத்த இதைவிடத் தோதான இடம் கிடையாது. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிட அதிக இடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய மரை தளர்வதில்லை, மேலும் இறுகுகிறது. இரண்டு நட்டுகள் வந்தன. மூன்றாவதை மாமா திருப்பினார். கொஞ்சம் வழிவிட்டது போலிருந்தது. பிறகு சின்னச் சத்தம். நட்டோடு மேல் துண்டு கையில் வந்துவிட்டது. மிச்சம் ஹெட்டின் மட்டத்துக்குச் சரியாக உள்ளே நின்றுவிட்டது.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கை நிதானம் போச்சு மாப்ள" என்றார். எழுபது வயதில் அப்படிச் சொல்வது ஒரு போல்ட்டைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல.

பட்டறைக்காரர் வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. துண்டை வாங்கி வெயிலில் பிடித்து முறிந்த முகத்தைப் பார்த்தார். முக்கால் வட்டம் கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு பிறை அளவுதான் புது எஃகின் வெள்ளை. "அண்ணே, இது என்னைக்கோ போனது. இந்தா இம்புட்டுதான் இன்னைக்குப் போனது" என்று நகத்தால் காட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

நம்மிடம் இல்லாத வாசிப்பு இதுதான். யாப்பு 1959இல் 'எழுத்து'வோடு முறிந்தது என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. பக்கத்துச் சின்னமனூர்க்காரரான செல்லப்பாவின் மீது பழியாகவும் புகழாகவும் இதைச் சுமத்தியிருக்கிறோம். ஆனால் பிச்சமூர்த்தி 1930களிலேயே எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1921இல் இறந்த பாரதியின் வசனகவிதைகள் இருக்கின்றன. முறிந்த முகத்தில் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்று பார்த்துச் சொல்லாத வரை 1959 என்பது சத்தம் கேட்ட தேதி, அவ்வளவுதான்.

மரை என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் மரை மலைச்சாரலில் மேயும் விலங்கு. போடியில் அது போல்ட்டின் சுருள்வரி. புத்தி பேதலித்தவன் மரை கழன்றவன். ஆங்கிலக் கையேடுகளை வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்து மொழிபெயர்க்காமலே பட்டறை தனக்கு வேண்டிய சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. 1841இல் விட்வொர்த் மரையின் கோணத்தை 55 பாகை என்று வைத்தார். 1864இல் அமெரிக்காவில் ஸெல்லர்ஸ் 60 என்றார். ஐந்து பாகை பேதம். ஒன்றின் நட்டு மற்றதில் சரியாகப் பொருந்தாது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஒருவர் எந்திரத்தை மற்றவர் செப்பனிட முடியாமல் அவதிப்பட்ட பிறகு, 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகைக்கு ஒத்துக்கொண்டன. வில்லிஸ் வம்சத்து ஜீப்பின் நட்டு பிரிட்டிஷ் வம்சத்து அம்பாஸடரில் ஏறுகிறது என்றால் அந்த உடன்பாட்டின் பலன். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா சார்" என்றார், மரியாதைக்கு.

மிச்சத்தை எடுக்க ஈசி அவுட் போடலாமே என்றார் மாமா. நடுவில் துளையிட்டு எதிர்மரையுள்ள அந்தக் கருவியை இறுக்கினால் துண்டோடு திரும்பி வரும். பட்டறைக்காரர் மறுத்தார். அது கடினமான எஃகு, வளையாது. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. பிறகு ஹெட்டையே கழற்றி மதுரைக்குத் தூக்க வேண்டும். அவர் பேட்டரி வயரைக் கழற்றினார். துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டை வழியாக வெல்டிங் பிடித்தார். ஒட்டுவது பாதி வேலைதான்; அந்தச் சூட்டில் துண்டு விரிந்து, ஆறும்போது சுருங்கித் துருவின் பிடியை விடுவது மீதிப் பாதி. முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவதும். மூன்றாவதை வைத்து, சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. பிறகு ஸ்பேனரை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

மாமா கழற்றும் பக்கம் திருப்பவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல், மறுபடியும் இறுக்கும் பக்கம். கால் மணி நேரம் இப்படியே போனது. துண்டு பழுப்புப் பொடியை உதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

மரைக்கு டேப் விட்டுச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, புது ஸ்டட்டைக் கையாலேயே ஏற்றினார்கள். தெர்மோஸ்டாட் திறக்காமல் அடைத்துக்கொண்டிருந்தது. மலையில் வண்டி ஓட்டியவர்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்றார் மாமா. எறியக்கூடாது என்றார் பட்டறைக்காரர். கொஞ்ச நேரம் தர்க்கம் நடந்தது. கடைசியில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார்கள்.