அப்பாவின் ஆட்டோவும் வாரத்துக்கு 5 லிட்டரும்

"எம்மா, பெட்ரோல் தீந்து போயிரும்னு சொல்லுதாவளே, நெசமா? நீ நியூஸ்லதான வேல பாக்க?"

திருநெல்வேலியிலிருந்து அப்பா போனில் கேட்டார். 22 வருடமாக ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். நான் டிப்ளமோ படித்த ஃபீஸ் அந்த ஆட்டோ கொடுத்ததுதான். அவர் கேட்டது பெட்ரோலைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பழைய வண்டிக்கு எஃப்.சி. வருகிறது. அதற்குச் செலவு செய்வதா, லோன் போட்டு எலெக்ட்ரிக் ஆட்டோ வாங்குவதா? லோனுக்கு என் சம்பளச் சீட்டு வேண்டும்.

"பாத்துச் சொல்லுதேன்ப்பா" என்று போனை வைத்தேன்.

பெட்ரோல் தீரப்போகிறது என்ற பேச்சுக்கு அப்பாவைவிட வயது அதிகம். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்று கிங் ஹப்பர்ட் என்ற நிலவியலாளர் 1956-லேயே சொன்னார். அப்படியே நடந்தது. ஆனால், பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை வந்த பிறகு, 2018-ல் அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டார்கள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பூமியில் சொட்டு எண்ணெய் இல்லை என்பதெல்லாம் நடக்காது.

என்னை பயமுறுத்தியது 2022 இலங்கை. அங்கே தீர்ந்தது எண்ணெய் இல்லை, அதை வாங்குவதற்கான டாலர். பங்க் வாசலில் நாள்கணக்கில் மக்கள் வரிசையில் கிடந்தார்கள். பிறகு க்யூ.ஆர். கோடு வைத்துப் பங்கீடு வந்தது. ஆரம்பத்தில் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லிட்டர்.

இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு அது ஒரு நாளைக்குத்தானம்மா" என்றார்.

நாமும் கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதிதான் செய்கிறோம். அவசரத்துக்கு என்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களில் நிலத்தடிப் பாறைக் குடைவுகளில் 53.3 லட்சம் டன் சேமிக்க வசதி இருக்கிறது. முழுக்க நிரப்பினால் சுமார் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்கள் கையில் வைத்திருக்கும் ஸ்டாக் தனி. ஆட்டோக்காரர் பாஷையில், ரிசர்வ்.

மாற்று எரிபொருள் என்றாலே எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். 1996-ல் ராஜபாளையம் பக்கமிருந்து கிளம்பிய மூலிகை பெட்ரோல் செய்தியை அப்பா அப்படியே நம்பியவர். அது கடைசியில் சி.பி.ஐ. வழக்கு வரை போனது. அப்புறம் காட்டாமணக்கு பயோடீசல் சீசன். தாத்தா அரை ஏக்கரில் போட்டு, விதையைக் கேட்க ஆளில்லாமல் பிடுங்கி எறிந்தார். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதே அளவு பெட்ரோலைவிட எத்தனாலில் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்கிவிட்டது என்று அப்பா புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

போன வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கயத்தாறு தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தேன். நம்ம ஊர் காற்றில் நம்ம ஊர் ஆட்டோ ஓடினால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு. ராத்திரி சார்ஜ் போடும்போது வருவது காற்றாலை கரண்ட்டா, தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரியா என்று பிளக் சொல்லாது. அது வேறு விஷயம்.

ஷோரூமில் அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "சத்தமே இல்ல, ஓடுதா நிக்கான்னே தெரியல" என்றார். முகத்தில் சந்தோஷம்தான். ஆனால் பேட்டரி மாற்றினால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு வாரன்டியைப் பற்றியே பதில் வந்தது. அப்பா அதைக் கவனித்தார்.

சிக்கல் வீட்டில் காத்திருந்தது. நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடியில். வண்டி நிற்பது தெருவில். கீழே சார்ஜ் போட பாயின்ட் கேட்டால், "வயர் சூடாயி தீ கீ புடிச்சிட்டா யாருங்க பொறுப்பு?" என்கிறார் வீட்டுக்கார அண்ணாச்சி. அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த வீட்டு வயரிங் என் வயதைவிடப் பழசு.

"தனி மீட்டர் வச்சுக்கிடுதேன், செலவு என்னோடதுன்னு கேட்டுப் பாக்கேன்" என்றார் அப்பா. அண்ணாச்சி திருச்செந்தூர் போயிருக்கிறார். எஃப்.சி.-க்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டார், பெட்ரோல் ஆட்டோவில், ரிசர்வில்.