பாஹியங்கலச் சில்லுகள்

ஆதிமனிதர் சக்கிமுக்கிக் கல்லில் கத்தி செய்த விதத்தைக் காட்டும் வீடியோ ஒன்றைப் பேரன் கொண்டுவந்தான். வெள்ளைக்காரர் ஒருவர் தட்டத் தட்ட, அவர் நினைத்த இடத்திலேயே கல் சீவல் சீவலாகக் கழன்று விழுந்தது. "இந்தக் கல்லு வெள்ளவத்தைக் கடற்கரையில கிடைக்குமோ, அப்பப்பா?" என்று கேட்டான்.

கிடைக்காது. இங்கிலாந்து, டென்மார்க் பக்கத்து வெண்சுண்ணப் பாறையில் விளைகிற கல் அது. எங்கட இலங்கைத் தீவில் ஆற்றிலும் காட்டிலும் தாராளமாகக் கிடப்பது வெள்ளைக் குவார்ட்ஸ். கொஞ்சம் செர்ட் என்ற கல்லும் உண்டு.

குவார்ட்ஸ் சொல்வழி கேளாத கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடும். ஓரத்தில் தட்டிச் சீவப் பார்த்தால் நொறுங்கும், இல்லாவிட்டால் வேண்டாத பக்கமாகப் பிளக்கும். அதனால் இங்கிருந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். கூழாங்கல்லை ஒரு பாறைத்துண்டின்மேல் நிறுத்தி, உச்சியில் இன்னொரு கல்லால் ஓங்கி ஒரு போடு. கொட்டைப்பாக்கை அம்மியில் வைத்துக் குழவியால் உடைப்போமே, அப்படி. மேலே விழுந்த அடியும் கீழிருந்து வரும் எதிரடியும் சேரக் கல் சிதறும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். சிதறியதைக் கிளறி, கூரான விளிம்புள்ளதைப் பொறுக்க வேண்டும். சிலவற்றை ஓரம் கொத்திப் பிறை வடிவிலும் முக்கோணமாகவும் ஆக்கினார்கள். பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய துண்டுகள். கையில் பிடித்து அதிகம் வெட்ட முடியாது. தண்டில் பொருத்தினால்தான் ஆயுதம்.

எங்கட தலைமுறைக்கு இந்த வேலை நன்றாகவே விளங்கும். திட்டம் போட்டு வாழ்க்கையைச் சீவியவர்கள் எங்களில் குறைவு. தமிழருக்கெதிரான 1983 ஜூலைக் கலவரம் ஒரே போடாகப் போட்டது. வெள்ளவத்தையில் கடை எரிந்தவர் இன்னொருவர் கடையில் கணக்கெழுதப் போனார். படிப்புக் குலைந்த பிள்ளை தையல் மெஷினில் குந்தியது. சிதறியதற்குள் கூரானதைத் தேடி எடுத்தவர்கள் மெல்ல எழும்பினார்கள். முழுக்கல்லையே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது முடியவில்லை. இப்படிச் சொன்னால் இழப்பைச் சின்னதாக்குகிறேன் என்று சிலர் கோபிப்பார்கள். அடித்தவனுக்கு நான் நியாயம் பேசவில்லை.

கல் மட்டமென்றால் ஆளும் மட்டம் என்று நினைப்பவர்களுக்குக் களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்குக் கிட்ட இருக்கும் பாஹியங்கலக் குகை பதில் சொல்லும். அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளில் பழையவை 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2019இல் ஆய்வு வெளியானது. குருவிட்டைப் பக்கத்துப் பட்டதொம்பலெனக் குகையை அகழ்ந்த சிரான் தெரணியகல, 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கை அதற்கும் வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் இந்த வகைச் சின்னக் கருவிகள் பரவலானது பெரும்பாலும் பனியுகம் முடிந்த பிறகுதான். இங்கே மழைக்காட்டுக்குள் மரத்துக்கு மரம் தாவுகிற குரங்கையும் அணிலையும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். தின்று மிஞ்சிய குரங்கெலும்பையும் விடவில்லை. தேய்த்துக் கூராக்கி முனைகள் செய்தார்கள்.

பேரனைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். அங்கே சில்லுகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அது நல்லது. குகைக்கே போக ஆசைப்பட்டால், ஒன்றிரண்டைக் காற்சட்டைப் பையில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பேரப்பிள்ளை என்று பார்க்காது.