அளவுகோலையும் அளக்க வேண்டும்

எங்கள் கொட்டாம்பட்டிப் பகுதியின் முதியோர் பலர் கண்புரை நீங்கித் திருப்பலிப் பீடத்தைத் தெளிவாய்க் காண்கின்றனர். அவர்தம் கண்ணுள் இருப்பது ஏறத்தாழ 6 மி.மீ. அகலமுள்ள செயற்கை வில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992-இல் தோன்றி, இவ்வில்லைகளைக் குறைந்த விலையில் செய்துவருகிறது. விலை குறைந்தாலும் சோதனை குறையலாகாது. திறனை அளக்க வேண்டும். கீறல் உண்டா என நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். ஏழையின் கண்ணும் கண்ணே!

ஆனால், அளக்கும் கருவியே பிழைபட்டால்? 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் விண்தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடிக்கு நேர்ந்தது அதுவே. சோதனைக் கருவியின் வில்லையொன்று 1.3 மி.மீ. இடம் பிசகியிருந்தது. அந்தப் பிழையான அளவுக்கு ஆடி மிகச் சரியாக இழைக்கப்பட்டது! வேறு கருவிகள் குறையைக் காட்டியும், நுட்பம் குறைந்தவை என ஒதுக்கப்பட்டன. 1993-இல் வீரர்கள் விண்ணுக்குச் சென்று பார்வையைத் திருத்தினர்.

மனச்சான்றும் ஓர் அளவுகருவியே. அது பிழைபடவும் கூடும் என்கிறது திருச்சபை. சாதி பார்ப்பதைக் குற்றமெனக் காட்டாத மனச்சான்றுடையவர், ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் நெடுநேரம் தம்மை ஆராய்ந்தும் குறையொன்றும் காணார். அவர் வீட்டு வாசலில் தனிக்குவளையில் நீர் பெறும் பெண்ணோ அக்குறையை அறிவாள். அந்த எளிய சாட்சியை ஒதுக்காதிருப்போம்.