படகுக்கு ஒரு சும்மாடு

கனூ பயணம் என்றால் படகில் நாம் உட்கார்ந்து போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒண்டாரியோவில் இருக்கும் அல்கான்குவின் பூங்காவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவ்வப்போது படகு நம் மேல் உட்கார்ந்து வரும் என்று! ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும்வரை காட்டுப்பாதை. கரையில் தூரத்தை மீட்டரில் எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். படகைக் கவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் போர்ட்டேஜ்.

படகின் நடுவில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும். யோக் என்பார்கள், அதாவது நுகத்தடி. (மாடு யார் என்று கேட்காதீர்கள்.)

போன வருடம் எங்களுக்குக் கிடைத்தது பழைய அலுமினியப் படகு, 30 கிலோவுக்கு மேல். சுமார் 700 மீட்டர் பாதையில் நான்கு தடவை இறக்கி வைத்தேன். ஐந்தாவது தடவை தூக்கவே முடியவில்லை. என்னைவிட ஒல்லியான நண்பன் ஒன்றும் சொல்லாமல் படகை வாங்கிக்கொண்டு நடந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மீதி இரண்டு நாளும் அவன்தான் சுமந்தான்.

இந்த வருடம் அவனே மறுபடி கூப்பிட்டான். கட்டைக்கு மெத்தை கடையில் கிடைக்கிறது, ஆனால் நம்ம பர்ஸ் சம்மதிக்கவில்லை. பழைய தலையணை ஸ்பாஞ்சை வெட்டிக் கட்டை முழுக்கச் சுற்றினேன். கையால் அமுக்கினால் சொர்க்கம். படகைத் தூக்கினால் அப்பளம். பிடரிக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்குமே ஒரு எலும்பு, மொத்த பாரமும் அதன் மேல்தான்.

ஆச்சியிடம் போனில் புலம்பினேன். "சும்மாட்ட நடுவுல குழி விடாம சுத்துனா உச்சி வலிக்கத்தான்டா செய்யும்" என்றாள். அவள் நினைத்தது தண்ணீர்க் குடத்தை. எனக்குப் புரிந்தது வேறு. மெத்தென்று இருப்பது முக்கியமில்லை, எலும்புக்கு இடம் விடுவதுதான் முக்கியம்.

ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டேன். கேம்பிங் போகும்போது தரையில் விரிக்கும் கெட்டியான நுரைப் பாய் ஒன்று கிழிந்து கிடந்தது. அது தண்ணீர் குடிக்காது, சீக்கிரம் நசுங்காது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, நாலு அடுக்காக வைத்து, டேப் போட்டு இரண்டு கட்டிகள் செய்தேன். மேலே பழைய ஜீன்ஸ் துணி. கட்டையில் இறுக்கிக் கட்ட சைக்கிள் ட்யூப். ரப்பர் என்பதால் வழுக்காது. இரண்டுக்கும் நடுவே கழுத்து உரசாமல் நுழையும் அளவு இடைவெளி, எனக்கு 16 செ.மீ. வந்தது. நீங்கள் செய்தால் உங்கள் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். பாரம் இப்போது தோள் சதையில் உட்கார்ந்தது.

அதே பாதை, அதே மாதிரி அலுமினியப் படகு. ஒரே ஒரு தடவைதான் இறக்கினேன், அதுவும் தோள் வலித்து இல்லை. கவிழ்த்த படகுக்குள் கொசுக்கள் கூட்டமாக வந்துவிட்டன. இரண்டு கையும் படகைப் பிடித்திருந்தால் எதை வைத்து அடிப்பது?